பூவாத கற்றாழை: மெக்சிக்கோக் கிராமத்து மெஸ்கால்

வாழை ஒருமுறையே குலை ஈனும். குலை முற்றியதும் தாய்மரம் சாயும். அதன் அடியிலே பக்கக் கன்றுகள் தலையெடுத்து நிற்கும். தாளிப்பனையின் வாழ்வும் அத்தகையதே. அது பல பத்தாண்டுகள் ஓலை விரித்து வளரும். தன் ஆயுளில் ஒரேயொரு முறை உச்சியிலே மாபெரும் பூங்கொத்தொன்றை ஏந்தும். காய்த்த பின் பட்டுப்போகும். அதன் பூவைக் கண்டவர் ஒரு நீண்ட வாழ்வின் முடிவையும் உடன் கண்டவராவர்.

கடல்களுக்கு அப்பால், மெக்சிக்கோ நாட்டின் மலைச்சாரல்களிலும் இதே இயல்புடைய செடிக் குடும்பமொன்று உண்டு. அச்செடி பூப்பதற்கென ஆண்டாண்டாய்ச் சேர்த்துவைத்த இனிப்பை, அது பூக்கும் தறுவாயிலே எடுத்து, நெருப்பிலிட்டு, நொதிக்கவைத்து, வடித்தெடுக்கும் கலையொன்றை அந்நாட்டுக் கிராம மக்கள் வளர்த்திருக்கின்றனர். அவ்வாறு பெறப்படும் வடிநீரின் பெயர் மெஸ்கால் என்பதாகும்.

நேயர்களே, கள்ளுண்ணாமைக்குத் திருக்குறளிலே ஓர் அதிகாரம் வகுக்கப்பட்டிருப்பதை நீவிர் அறிவீர். மதுவின் பெருமை பேசுவது இவ்வுரையின் கருத்தன்று. ஒரு செடியின் ஆயுளும் ஒரு கிராமத்தின் கைத்திறனும் கூடி ஒரு சுவையாக எவ்வாறு உருப்பெறுகின்றன என்பதும், அச்சுவைக்கு உலகெங்கும் பெயர் பரவியபோது அச்செடிக்கும் அக்கிராமத்துக்கும் நேர்ந்தது யாது என்பதுமே ஈண்டு ஆராயத்தக்கவை.

முதலிலே அச்செடியை நோக்குவோம். தாவரவியலார் அதனை அகாவே என்பர். மெக்சிக்கோ மக்கள் மகெய் என்று வழங்குவர். தமிழ் மக்களுக்கு அது முற்றிலும் புதியதன்று. நீண்டு தடித்து, ஓரங்களிலே முள்ளும் நுனியிலே ஊசியும் கொண்ட இலைகளை வட்டமாக விரித்து, வேலியோரங்களிலே நிற்கும் ஆனைக்கற்றாழை அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து குடியேறிய ஓர் அகாவேயே. வைத்தியர் கையாளும் சோற்றுக்கற்றாழை வேறு. அஃது இக்குடும்பத்தைச் சேர்ந்ததன்று. உலகில் ஏறத்தாழ 200 வகை அகாவேக்கள் உள. அவற்றுள் நான்கில் மூன்று பங்கு மெக்சிக்கோவிலே வளர்கின்றன.

அந்நாட்டின் தென்பகுதியிலுள்ள வஹாக்கா மாநிலமே மெஸ்காலுக்குப் பேர்போன இடம். மலைகள் சூழ்ந்து, நடுவே வறண்ட பள்ளத்தாக்குகள் விரிந்துகிடக்கும் நிலம் அது. தலைநகரான வஹாக்கா நகர் கடல் மட்டத்திலிருந்து 1,500 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் அமைந்துளது. ஐரோப்பியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நகரங்களும் கோயில்களும் எழுப்பி வாழ்ந்த சப்போத்தெக்கு மக்களும் மிஸ்தெக்கு மக்களும் இன்றும் அங்கே தத்தம் மொழிகளைப் பேசி வாழ்கின்றனர்.

இம்மக்கள் மகெய்ச் செடியோடு கொண்ட உறவு மெஸ்காலிலும் மிகப் பழையது. மித்லா என்னும் ஊருக்கு அண்மையிலுள்ள கீலா நாக்கிற்சு என்ற குகையைத் தொல்பொருளறிஞர் 1966ஆம் ஆண்டில் அகழ்ந்தனர். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதர் சுட்ட மகெயை மென்று துப்பிய சக்கைகள் அங்கே உலர்ந்த மண்ணிற் கெடாது கிடந்தன. எனவே மகெய் பானமாகு முன்னரே உணவாயிருந்தது என்பது தெளிவு. பச்சையாக உண்டால் அதன் சாறு நாவையும் தோலையும் அரிக்கும். நெருப்பிலே நெடுநேரம் வெந்தால், சுட்ட வற்றாளங்கிழங்கைப் போன்று இனிக்கும். மெஸ்கால் என்னும் சொல்லே இதற்குச் சான்று. அஸ்தேக்கர் பேசிய நகுவாத்து மொழியிலே 'மெத்ல்' என்றால் மகெய். அதனோடு 'வெந்தது' எனப் பொருள்படும் சொல் சேர்ந்து பிறந்ததே இப்பெயர். வெந்த மகெய் என்பதே அதன் நேர்ப்பொருள்.

அம்மக்கள் மகெயின் சாற்றைப் புளிக்கவைத்துக் கள் போன்றதொரு பானமாக்கவும் அறிந்திருந்தனர். புல்கே எனப்படும் அது, ஐரோப்பியர் வருமுன்பே சடங்குகளிற் சிறப்பிடம் பெற்றிருந்தது. ஆயின், காய்ச்சி வடிக்கும் கலை அங்கே எப்போது தோன்றியது? இவ்வினாவிலே அறிஞரிடை ஒருமைப்பாடு இல்லை. 1521ஆம் ஆண்டில் அஸ்தேக்கரின் தலைநகரைக் கைப்பற்றிய ஸ்பானியர், அரபியரிடமிருந்து தாம் கற்ற செப்பு வாலையைக் கொண்டுவந்தனர் என்பர் ஒரு சாரார். பழங்குடி மக்கள் அதற்கு முன்பே வடிக்க அறிந்திருந்தனர் என்பர் வேறு சிலர். மூன்றாவது கருத்தொன்றும் உண்டு. இலங்கை நேயர்களுக்கு அதுவே பெரிதும் சுவை பயப்பதாகும்.

1565ஆம் ஆண்டு தொடக்கம் 1815ஆம் ஆண்டு வரை, பிலிப்பைன் தீவுகளிலுள்ள மணிலாவுக்கும் மெக்சிக்கோவின் மேற்குக் கரைக்கும் இடையே ஸ்பானியரின் வணிகக் கப்பல்கள் ஓடின. அக்கப்பல்களிற் பிலிப்பைன் மாலுமிகள் பலர் சென்றனர். அவருட் சிலர் கொலீமா என்னும் கரையோரப் பகுதியிலே தங்கித் தென்னை வளர்த்தனர். பாளை சீவிக் கள் இறக்கினர். அதனை எளிய பானை வாலைகளிலே சாராயமாக வடித்தனர். இன்றும் கொலீமாவிலே தென்னங்கள்ளுக்கு வழங்கும் பெயர் 'தூபா' என்ற பிலிப்பைன் சொல்லே. இவர்களிடமிருந்து பானை வாலையின் நுட்பத்தைக் கற்ற உள்நாட்டு மக்கள், தென்னங்கள்ளுக்குப் பதிலாக மகெய்ச் சாற்றை அதிலிட்டு வடித்தனர் என்பது அக்கருத்து. அது மெய்யாயின், தென்னஞ் சாராயம் வடிக்கும் ஆசியக் கரைகளின் கைத்திறனுக்கும் மெக்சிக்கோ மலைக் கிராமத்தின் மெஸ்காலுக்கும் இடையே கடல் கடந்த உறவொன்று உண்டு எனலாம்.

தோற்றம் எவ்வாறாயினும், ஸ்பானிய ஆட்சி இப்பானத்தை விரும்பவில்லை. தாய்நாட்டிலிருந்து வந்த திராட்சை மதுவின் விற்பனை குறையும் என்பது அதற்குக் காரணம். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே மூன்றாம் கார்லோஸ் மன்னன் உள்நாட்டு வடிபானங்களைத் தடைசெய்தான். தடை வந்தபோது வாலைகள் மலை மடுக்களுக்குள்ளே மறைந்தன, தொழில் அழியவில்லை. நெடுங்காலம் மெஸ்கால் நகரத்தார் இகழ்ந்த ஏழைகளின் பானமாகவே இருந்தது. அதன் உடன்பிறப்பான தெக்கீலாவோ, நீல அகாவே என்னும் ஒரே வகையைப் பெருந்தோட்டங்களிற் பயிரிட்டு, ஆவியில் அவித்து, பெரும் ஆலைகளிலே வடிக்கப்பட்டு உலகச் சந்தையை அடைந்தது. மெஸ்கால் கிராமத்திலேயே தங்கிற்று. அவ்வாறு தங்கியமையாலேயே பழைய முறைகள் அதனிடம் உயிர்தப்பின.

அம்முறைகளை இனிக் காண்போம். வஹாக்கா நகருக்குத் தென்கிழக்கே சந்தியாகோ மத்தத்லான் என்ற ஊர் உண்டு. உலக மெஸ்காலின் தலைநகர் என்று தன்னைத் தானே பெருமையுடன் அழைத்துக்கொள்ளும் ஊர் அது. தெற்கே ஒக்கொத்லான் பகுதியிலே சாந்தா கத்தரீனா மீனாஸ் என்ற சிற்றூர் இருக்கிறது. முன்னோன் செப்பு வாலைக்கும் பின்னோன் மண்பானை வாலைக்கும் பெயர் பெற்றவை. மெஸ்கால் வடிக்கும் இடத்தை வஹாக்கா மக்கள் பலேங்கே என்பர். கூரையும் தூண்களும் உண்டு. சுவர்கள் பெரும்பாலும் இல்லை. ஒரு குழி, ஓர் இடிக்கும் களம், சில மரத்தொட்டிகள், ஓர் அடுப்பு, ஒரு வாலை. இவ்வளவே அதன் உடைமை. தந்தையிடம் தொழில் கற்ற மகனும், அவனிடம் கற்கும் பேரனும் அங்கே ஒருங்கே நிற்பர்.

மெஸ்கால் வடிப்போனின் முதற் கலை காத்திருத்தல். பெரிதும் பயிரிடப்படும் மகெய் எஸ்பதீன் எனப்படுவது. வாளை ஒத்த இலைகளையுடைய அது முற்றுவதற்கு 6 முதல் 8 ஆண்டுகள் வரை செல்லும். தொபலா என்னும் சிறுவகை, உயர்ந்த மலைகளிலே கருவாலி மரங்களின் நிழலிற் பாறைகளுக்கிடையே வளர்வது. அதற்கு 10 முதல் 15 ஆண்டுகள் வேண்டும். தெப்பெஸ்தாத்தே என்னும் வகை செங்குத்தான மலைச்சரிவுகளிலே ஒட்டிக்கொண்டு வாழும். அது பூப்பதற்கு 25 ஆண்டுகளும் செல்லக்கூடும். அரோக்கேன்யோ என்னும் பெருவகை ஆனைக்கற்றாழையின் நெருங்கிய இனம்.

எஸ்பதீன் வாழையைப்போலப் பக்கக் கன்றுகளை ஈனும். ஆதலால் அதனைத் தோட்டத்தில் எளிதிற் பெருக்கலாம். தொபலாவோ கன்று ஈனுவதில்லை. விதை ஒன்றே அதன் வழித்தோன்றலுக்கு வழி. இவ்வேறுபாடு சிறிதாகத் தோன்றினும், பின்னர்ப் பேசப்படும் இடருக்கு இதுவே வேர்.

முற்றிய மகெயின் நடுவிலிருந்து ஒரு நாள் தண்டொன்று கிளம்பும். அது சில மாதங்களிலே பல ஆள் உயரத்துக்கு வளர்ந்து, உச்சியிற் பூங்கொத்துகளை விரிக்கும். ஆண்டுகள் பலவாக அடியிற் சேர்ந்த இனிப்பு முழுவதும் அப்பூவுக்கே செலவாகும். அத்தண்டு தலைகாட்டியதும் உழவன் அதனை வெட்டிவிடுவான். பூவுக்குப் போகவேண்டிய இனிப்பு அப்போது அடியிலேயே தேங்கும். சில மாதங்கள் கழித்து இலைகளையெல்லாம் அரிந்து நீக்கினால், பெரிய அன்னாசிப் பழத்தைப் போன்ற அடிக்கட்டை எஞ்சும். அதனை 'பீன்யா' என்று அவர்கள் அழைப்பதும் அவ்வொப்புமை பற்றியே. ஒரு கட்டை பல பத்துக் கிலோ நிறையுடையது. எஸ்பதீனாயின், ஒரு லீற்றர் மெஸ்காலுக்குப் 10 கிலோவோ அதற்கு மேலோ வேண்டும். சிறிய காட்டு வகைகளுக்கு இன்னும் மிகுதி.

அடுத்து நெருப்பு. நிலத்திலே கூம்பு வடிவிற் குழி தோண்டி, அதனுள் விறகு அடுக்கிக் கொளுத்துவர். விறகின் மேல் இடப்பட்ட கற்கள் செஞ்சுடராகும் வரை அது எரியும். தணலும் கல்லும் சமமானதும், ஈரமான பழைய சக்கையை மேலே பரப்புவர். அஃது இல்லையேல் கட்டைகள் கருகிவிடும். அதன் மேற் பிளந்த பீன்யாக்களைக் குன்றுபோலக் குவித்து, பாய்களால் மூடி, மண் போட்டு அடைப்பர். குவியலின் உச்சியிலே சிறு சிலுவையொன்றை நட்டுக் கைகூப்புவது பல ஊர்களின் வழக்கம். உள்ளே நடப்பதை எவரும் காண இயலாதன்றோ? மூன்று முதல் ஐந்து நாட்கள் வரை மண்ணுக்குள்ளே கட்டைகள் வேகும். திறக்கும்போது வெண்ணிறக் கட்டைகள் பனங்கட்டியின் நிறம் பெற்றிருக்கும், ஊரெங்கும் மணக்கும். மெஸ்காலின் புகைவாசம் இக்குழியிலேதான் பிறக்கிறது. ஊர்ப் பிள்ளைகள் வெந்த துண்டுகளை வாங்கி மென்று மகிழ்வர். கீலா நாக்கிற்சுக் குகையில் வாழ்ந்தோர் மென்றதும் இதனையே.

பின்னர் வெந்த கட்டைகளை நசுக்குதல் வேண்டும். மத்தத்லான் போன்ற ஊர்களிலே வட்டக் களத்தின் நடுவே பெருங் கல்லுருளை ஒன்றைப் பூட்டிக் குதிரையோ கோவேறு கழுதையோ இழுத்துச் சுற்றும். செக்கு ஆடுவதைக் கண்டவர் அக்காட்சியை எளிதில் மனத்திற் கொள்ளலாம். மீனாசிலோ, மரத்தைக் குடைந்த தோணி போன்ற தொட்டியிலே கட்டைகளை இட்டு, ஆடவர் எதிரெதிர் நின்று கனத்த கொட்டாப்புளிகளால் இடிப்பர். நாள் முழுதும் நீளும் கடுந்தொழில் அது.

நசுங்கிய நாரும் சாறும் மரத்தொட்டிகளிலே கொட்டப்பட்டு, நீர் சேர்க்கப்படும். நொதி எதனையும் எவரும் இடுவதில்லை. காற்றிலும் மரத்திலும் அவ்வூரின் தூசியிலும் வாழும் நுண்ணுயிர்களே தாமாக வந்து தொழிலைத் தொடங்கும். வெயில் மிகுந்த மாதங்களிலே சில நாட்களில் முடியும் நொதித்தல், குளிர்காலத்திலே ஒரு வாரத்துக்கும் மேலாக நீளும். வடிப்போன் தொட்டியருகே காது வைத்துக் கேட்பான். கையை இட்டுச் சூடு பார்ப்பான். நாவிலே வைத்து இனிப்பு நீங்கிப் புளிப்பு ஏறியதை உணர்வான். கருவி கொண்டு அளப்பார் அங்கே அரியர். ஒரு பலேங்கேயின் மெஸ்காலை அடுத்த பலேங்கேயில் அப்படியே ஆக்க இயலாமைக்கு இத்தொட்டிகளே பெருங் காரணம்.

இறுதியாக வடித்தல். சித்த வைத்தியர் தீநீர் இறக்கும் வாலையின் தத்துவமே இங்கும். மீனாஸ் கிராமத்தில் அடுப்பின் மேல் ஒரு மண்பானை புதைக்கப்பட்டிருக்கும். அதன் மேல் அடியில்லாத மற்றொரு பானை பொருத்தப்படும். அதன் வாயிலே குளிர்நீர் நிறைந்த செப்புத் தட்டம் மூடியாக அமையும். கீழே கொதிக்கும் சாற்றின் ஆவி மேலெழுந்து, தட்டத்தின் குளிர்ந்த அடியிற் பட்டுத் துளிகளாகும். அத்துளிகள் உள்ளே அமைந்த கரண்டி போன்ற ஏந்தியொன்றில் விழுந்து, நாணற்குழாய் வழியே வெளியே சொட்டும். ஒருமுறை வடித்ததை மீண்டும் ஒருமுறை வடிப்பர். ஒரு தடவைக்குச் சில குடங்களே கொள்ளும் பானையாதலால், வேலை இரவு பகலாக நடக்கும். தீ மிகுந்தால் சுவை கெடும். தணிந்தால் துளி நிற்கும். எனவே அடுப்பருகே விழித்திருப்பவனே தொழிலின் உயிர் நிலை.

முதலில் இறங்குவது மிகக் கடுமையானது. அதனைத் தலை என்பர். நடுவே வருவது இதயம். கடைசியில் வருவது வால். இம்மூன்றையும் எவ்வெப்பொழுது பிரிப்பது, எவ்வளவு கலப்பது என்பதிலேயே வடிப்போனின் தேர்ச்சி விளங்கும். அதற்கு அவன் கையாளும் சோதனை எளியது, அழகியது. ஒரு நாணற்குழாயால் வடிநீரை உறிஞ்சி, திருவோட்டுக்காயின் ஓட்டிலே செய்த கிண்ணத்துள் மெல்ல ஒழுகவிடுவான். நீர்ப்பரப்பிலே முத்துப் போன்ற குமிழிகள் எழும். அவை வட்டமாகக் கூடிச் சற்று நேரம் நின்றால், நூற்றுக்கு 45 முதல் 55 வரை மதுசாரம் உளதென்று கொள்வான். குமிழிகள் விரைந்து மறைந்தால் அளவு மிகுந்தோ குறைந்தோ உளது எனத் தெளிவான். ஆய்வுகூடத்து அளவுகோல் காட்டுவதையே அம்முத்துகளும் காட்டுகின்றன.

இத்தனை படிகளிலும் சென்ற மெஸ்காலின் சுவை யாது? எஸ்பதீன் தருவது வெந்த மகெயின் இனிமையும் மெல்லிய புகையும். தொபலாவிலே கனிந்த பழத்தின் மணமும் பூவின் மணமும் தோன்றும் என்பர் சுவைவல்லார். தெப்பெஸ்தாத்தே பச்சிலையையும் பச்சை மிளகாயையும் நினைவூட்டும் காரமுடையது. மண்பானையில் வடித்ததற்கு மழை நனைத்த மண்ணின் சாயல் உண்டு. செப்பில் வடித்ததற்கு அஃது இல்லை. விறகின் வகை, ஊற்று நீரின் தன்மை, தொட்டி மரத்தின் வயது, அடுப்பருகே விழித்திருந்தவனின் பொறுமை, இவை யாவும் ஒரு துளியிலே கூடுகின்றன. புகைவாசமே மெஸ்கால் என்று அயலார் கருதுவர். கிராமத்து முதியோரோ, புகை செடியை மறைக்குமாயின் வடித்தவன் பிழைசெய்தான் என்பர்.

சில புட்டிகளிற் காணப்படும் புழுவைப்பற்றி இங்கே ஒரு வார்த்தை. மகெயிலே வாழும் அந்தப் புழு அந்துப்பூச்சியொன்றின் இளம் பருவம். மக்கள் அதனை வறுத்து உண்பதும் உண்டு. ஆயின் அதனைப் புட்டியிலிடுவது தொன்மையான வழக்கன்று. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே வணிகர் புகுத்திய விற்பனை உத்தி அது.

கிராமத்திலே மெஸ்கால் விற்பனைப் பொருளாக மாத்திரம் இருந்ததில்லை. பிள்ளைக்குப் பெயரிடும்போதும், பெண் கேட்கச் செல்லும்போதும், இறந்தவரை அடக்கும்போதும் அது கையோடு செல்லும். நவம்பர் மாதத் தொடக்கத்திலே இறந்தோரை நினைவுகூரும் நாட்களில், வீட்டுப் படையலில் அப்பம், பூ, பழம் ஆகியவற்றோடு ஒரு கிண்ணம் மெஸ்காலும் வைக்கப்படும். பருகு முன் சில துளிகளை நிலத்தில் விடுவோரும் உளர். நிலம் தந்ததை நிலத்துக்கு முதலிற் கொடுத்தல் அதன் கருத்து. பெருவிழாக்களுக்கென்று பெச்சூகா என்னும் சிறப்பு மெஸ்காலை வடிப்பர். மூன்றாம் முறை வடிக்கும்போது வாலையினுள்ளே கோழியின் நெஞ்சிறைச்சியைத் தொங்கவிட்டு, பருவகாலப் பழங்களையும் கறுவா முதலிய வாசனைப் பொருள்களையும் சேர்ப்பர். ஒருவர் வீட்டு விழாவுக்கு ஊரார் பொருள் தருவதும், பின் அவர் வீட்டு விழாவுக்கு இவர் ஈடு செய்வதும் கெலகெத்சா என்னும் மரபு. அக்கொடுக்கல் வாங்கலிலே மெஸ்காலுக்கும் இடம் உண்டு.

இந்நிலை கடந்த முப்பது ஆண்டுகளில் வெகுவாக மாறிற்று. 1994ஆம் ஆண்டில் மெக்சிக்கோ அரசு, மெஸ்கால் என்னும் பெயரைக் குறித்த சில மாநிலங்களுக்கே உரியதாகச் சட்டத்தாற் காத்தது. முதலில் ஐந்தாக இருந்த மாநிலங்கள் பின்னர்ப் பெருகின. 2017ஆம் ஆண்டில் வெளியான விதி, செய்முறைக்கேற்ப மெஸ்காலை மூன்று தரமாகப் பிரித்தது. ஆலைமுறைக்கு இடந்தருவது ஒன்று, கைவினைமுறை ஒன்று, குழியும் மண்பானையும் கட்டாயமாகிய முன்னோர் முறை மற்றொன்று. இதற்கிடையே உலகச் சந்தை மெஸ்காலைக் கண்டுகொண்டது. 2011ஆம் ஆண்டில் அரசுச் சான்று பெற்ற உற்பத்தி ஏறத்தாழ 10 இலட்சம் லீற்றர். 2022ஆம் ஆண்டில் அது 1 கோடி 40 இலட்சம் லீற்றரைக் கடந்தது. பெரும்பங்கு வஹாக்காவிலிருந்து சென்றது. பெரும்பங்கை வாங்கியது அமெரிக்க ஐக்கிய நாடு.

பணம் வந்தது. வேலை தேடி வடக்கே சென்ற இளைஞர் சிலர் ஊர் திரும்பித் தந்தையரின் தொழிலை ஏற்றனர். தகரக் கூரைகள் ஓட்டுக் கூரைகளாயின. இந்நன்மையை மறுத்தல் நீதியன்று. எனினும், 11 ஆண்டுகளிலே விற்பனை பதினான்கு மடங்காயிற்று. 25 ஆண்டுகளிற் பூக்கும் செடியை எவராலும் விரைந்து வளரச் செய்ய இயலாது. இம்முரண்பாடே இன்றைய இடரின் ஊற்று.

வெட்டப்படும் செடி பூப்பதில்லை; பூவாத செடிக்கு விதை இல்லை. கன்று ஈனாத தொபலா போன்றவை மலைகளிலே அருகிவருகின்றன. எஸ்பதீன் தோட்டங்களுக்காகச் சரிவுகளிலே காடு அழிக்கப்படுகிறது. குழியின் விறகுக்கும் மரம் வெட்டப்படுகிறது. பக்கக் கன்றுகளாலேயே பெருக்கப்படும் எஸ்பதீன் செடிகள் யாவும் ஒரே தாயின் மறுபிரதிகளாதலால், ஒரு நோய் வந்தால் ஒருங்கே வீழும் அபாயம் உண்டு. இவற்றோடு மற்றோர் உயிரும் துன்புறுகிறது. மகெய்ப் பூ இரவிலே தேன் சுரப்பது. நீண்ட மூக்குடைய வௌவால்கள் அத்தேனை நாடி நெடுந்தூரம் பறந்துவந்து, மகரந்தத்தைப் பூவுக்குப் பூ சேர்ப்பவை. பூத்தண்டுகள் வெட்டப்பட்ட நிலத்திலே அவற்றுக்கு இரை இல்லை.

செடிக்கு நேர்ந்தது இதுவாயின், கிராமத்தாருக்கு நேர்ந்தது வேறு. பெயரைக் காக்க வந்த சட்டம், சான்று பெற்றவரே அப்பெயரைப் பயன்படுத்தலாம் என்கிறது. சான்றுக்குப் பரிசோதனை வேண்டும், பத்திரம் வேண்டும், பணம் வேண்டும். ஆண்டுக்குச் சில நூறு லீற்றரே வடிக்கும் முதியவரொருவர், தம் பாட்டனார் வடித்த அதே பானையில் வடிப்பினும், புட்டியின் மேல் மெஸ்கால் என்று எழுத உரிமையற்றவராகிறார். 'அகாவே வடிநீர்' என்றே அவர் எழுதுதல் வேண்டும். அயலூர் முதலாளியின் பெயர் தாங்கிய புட்டி நகரத்து மதுச்சாலையிலே பெருவிலைக்குப் போகிறது. அடுப்பருகே விழித்திருந்தவன் பெற்ற விலைக்கும் அதற்கும் உள்ள தூரம் மிகப் பெரிது.

எனினும் கிராமங்கள் கைகட்டி இருந்துவிடவில்லை. காட்டு மகெய்களின் விதையைச் சேர்த்து நாற்றுமேடைகளில் வளர்த்து, மழைக்காலத்திலே மீண்டும் மலையில் நடும் குடும்பங்கள் உள. பொதுநிலத்துச் செடிகளை இவ்வளவுக்கு மேல் வெட்டலாகாது என்று ஊர்ச்சபை கூடித் தீர்மானித்த இடங்களும் உள. வௌவால் ஆய்விற் பேர்பெற்ற மெக்சிக்கோ விஞ்ஞானி ரொத்ரீகோ மெதெயீனும் அவரோடு சேர்ந்தோரும், நூற்றுக்கு 5 செடிகளையேனும் வெட்டாது பூக்கவிடும்படி உழவரை வேண்டினர். அவ்வாறு செய்வோரின் புட்டிகளுக்குத் தனி அடையாளமும் அளிக்கப்பட்டது. 5 செடிகள் பூத்தால் வௌவாலுக்குத் தேன், செடிக்கு விதை, விதையினால் புதிய வகை, புதிய வகையினால் நோயைத் தாங்கும் வலிமை. உழவன் கைவிட்ட அச்சிறு வருவாய் அவன் பேரனுக்கான சேமிப்பாகிறது.

பழங்குடி உழவனொருவன் இன்று தெப்பெஸ்தாத்தே விதையொன்றை மண்ணில் ஊன்றுகிறான் என வைத்துக்கொள்வோம். அது தண்டு விடும் நாளிலே அவன் முதுமை எய்தியிருப்பான். ஒருவேளை மண்ணுக்குள்ளேயே இருப்பான். வெட்டுவதா, பூக்கவிடுவதா என்று முடிவு செய்பவன் அவன் மகனோ பேரனோ ஆவான். தாளிப்பனை விதையை ஊன்றுவோனும், தோட்டத்து மூலையிலே பனம்விதை இடும் யாழ்ப்பாணத்துக் கிழவரும் அறிந்த உண்மையே இது. தான் காணாத பயனுக்காக உழைப்போரால் மாத்திரமே சில சுவைகள் உலகில் நிலைபெறுகின்றன. மெஸ்காலின் எதிர்காலம் உலகச் சந்தையிலே எத்தனை கோடி லீற்றர் விற்கிறது என்பதிலே தங்கியிருக்கவில்லை. வஹாக்கா மலைகளிலே ஆண்டுதோறும் எத்தனை செடிகள் வெட்டப்படாது பூக்கின்றன என்பதிலேயே தங்கியுள்ளது.